ரோதாங் வெயிலும் மஞ்சூர்த் தேயிலையும்

ஜூன் கடைசி வாரம், காலை எட்டரை மணி. மணாலியிலிருந்து 51 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறி ரோதாங் கணவாயில் டாக்ஸி நின்றதும், டிரைவர் டாஷ்போர்டைத் திறந்து ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து நீட்டினார். "போட்டுக்கோங்க சாப். இல்லேன்னா ராத்திரி கண்ணுல மணல் கொட்டின மாதிரி இருக்கும்" என்றார் ஹிந்தியில். உயரம் 3,978 மீட்டர். கையுறைக்குள் விரல்கள் மரத்துப் போயிருந்தன. அதே நேரம் மூக்கு நுனியும் கன்னமும் எரிந்தன. நம் ஊரில் வெயில் அடித்தால் குளிர் ஓடிவிடும், குளிர் வந்தால் வெயில் மங்கிவிடும். இங்கே இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் ஒரே இடத்தில் நிற்கின்றன.

ரோதாங் என்றால் பிணக்குவியல் என்று பொருள் சொல்கிறார்கள். திடீர்ப் பனிப்புயலில் சிக்கி மாண்ட வழிப்போக்கர்களின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. இப்போது அங்கே வருகிறவர்களுக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. வழியில் கடைக்கடையாக வாடகைக்கு விடும் ரோம ஓவர்கோட்டையும் கம்பூட்ஸையும் மாட்டிக்கொண்டு, அழுக்கேறிய பனித் திட்டில் சறுக்கி, போட்டோ எடுத்து, மாகி நூடுல்ஸ் தின்றுவிட்டு மதியத்துக்குள் இறங்கிவிடுகிறார்கள். கணவாய்க்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு பெர்மிட் வேண்டும். தினமும் இத்தனைதான் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் கட்டுப்பாடு விதித்தது. லாஹௌலுக்குப் போகிறவர்களுக்கு இந்த மேட்டை ஏற வேண்டிய அவசியமே இப்போது இல்லை. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை மலைக்கு அடியிலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

நான் மேலே ஏறியது ஒரு செடியைப் பார்க்க. அதற்குக் காரணம் என் மாமா.

மாமாவுக்கு நீலகிரியில் மஞ்சூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. சென்ற ஜனவரியில் அவர் வீட்டில் தங்கியிருந்தபோது விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பிவிட்டார். டார்ச் வெளிச்சத்தில் தோட்டம் முழுக்க உப்புத் தூவிய மாதிரி உறைபனி. மாமாவும் அத்தையும் காய்ந்த புல்லை அள்ளி அள்ளிச் செடிகளின் தலையில் போர்த்திக்கொண்டே போனார்கள். பாதிதான் முடிந்தது. அதற்குள் கிழக்கே சூரியன். பத்து மணிக்கெல்லாம் போர்த்தாத செடிகளின் இலை துவள ஆரம்பித்தது. நாலைந்து நாளில் தீயில் காட்டி எடுத்தது போலப் பழுப்பாகிவிட்டது.

"ஒரு விஷயம் பாருங்க மாப்பிள்ளே. ராத்திரி பூரா பனி. ஆனா காலைல நாம பார்க்கிறப்போ இலை பச்சையாத்தான் இருந்துச்சு. வெயில் ஏறின அப்புறம்தான் கருகுச்சு. கிழக்கு ஓரம்தான் மொதல்ல போகுது. சில்வர் ஓக் நிழல்ல இருக்கிற செடி தப்பிச்சுக்குது. அப்போ செடியைக் கொல்றது பனியா, வெயிலா?" என்று கேட்டார்.

"ரெண்டும்தான் மாமா" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. போன வருஷம்தான் கிழக்கு ஓரத்து சில்வர் ஓக்கில் ஏழு மரங்களை வியாபாரியிடம் விற்றிருந்தார். மீதியும் வேண்டும் என்று வியாபாரி முன்பணத்தோடு வந்து போயிருக்கிறார். பெண்ணுக்கு கோயம்புத்தூரில் கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டும். மரத்தை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதுதான் மாமாவின் கேள்விக்குள் இருந்த கேள்வி.

"இமயமலைல வருஷத்துல பாதி நாள் பனி. வெயிலும் நம்மளைவிட அதிகம்ங்கிறாங்க. அங்கே மட்டும் செடி எப்படிப் பொழைக்குது? போறீங்களே, பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

உறைபனி தன் பங்குக்குக் கொல்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. இலைக்குள் பனிப் படிகம் முளைத்தால் செல்லின் நீர் உறிஞ்சப்படுகிறது, சவ்வு கிழிகிறது. அந்தக் காயம் பனி உருகிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் உறையாமல் தப்பிய இலைக்கும், பாதி தப்பிய இலைக்கும் இரண்டாவதாக ஒரு ஆபத்து காத்திருக்கிறது. மாமா கண்ணால் கண்டுபிடித்தது அதைத்தான்.

அவருக்குத் தெரிந்த தேயிலை ஃபாக்டரியை வைத்தே இதைச் சொல்லலாம். லாரி லாரியாகக் கொழுந்து வந்து இறங்குகிறது. உள்ளே வாட்டி, உருட்டி, உலர்த்தும் மிஷின்கள் ஒழுங்காக ஓடினால் பிரச்னை இல்லை. மிஷின் பாதி வேகத்தில் ஓடி, லாரி மட்டும் வந்துகொண்டே இருந்தால்? குவித்து வைத்த கொழுந்து தானாகவே சூடேறிப் புழுங்கிக் கெட்டுப்போகும். இலைக்குள்ளும் இதே கதைதான். பச்சையம் வெளிச்சத்தைப் பிடிப்பது பௌதிக நிகழ்ச்சி. கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட அதற்கு வேண்டாம். குளிரோ சூடோ அதைத் தடுக்காது. பிடித்த சக்தியைக் கொண்டு கார்பன் டை ஆக்ஸைடைச் சர்க்கரையாக்குவது என்ஸைம்களின் வேலை. என்ஸைம்கள் குளிரில் மந்தமாகிவிடும். ஆகவே குளிர்ந்த காலையில் பளீரென்று வெயில் அடித்தால் வரவு முழு வேகத்தில் இருக்கும், செலவு படுத்துவிடும்.

கையில் தேங்கிய சக்தியை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். இலைக்குள் எங்கும் நிறைந்திருக்கும் ஆக்ஸிஜன் வாங்கிக்கொள்கிறது. உயிர் கொடுக்கும் வாயு என்று பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஆக்ஸிஜன்தான். இரும்பைத் துருப்பிடிக்க வைப்பதும், திறந்து வைத்த எண்ணெயில் காறல் வாடை வரவைப்பதும் அதுவே. உபரியான ஒரு எலெக்ட்ரான் அதன் தலையில் ஏறினால் ஸூப்பர் ஆக்ஸைடு என்ற முரடனாக மாறுகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு பிறக்கிறது. பியூட்டி பார்லரில் முடியை வெளுக்க வைக்கும் சமாசாரம். எலெக்ட்ரான் ஏறாமல், பச்சையத்திடமிருந்து சக்தியை மட்டும் வாங்கிக்கொண்டு வெறி பிடித்துத் திரியும் இன்னொரு வகை ஆக்ஸிஜனும் உண்டு. இவை எல்லாம் சேர்ந்து செல் சவ்வில் இருக்கும் கொழுப்பைத் தாக்குகின்றன. எண்ணெய் காறிப்போவது போலச் சவ்வு காறிப்போகிறது. பச்சையம் வெளுக்கிறது. இலை கருகுகிறது.

மணாலிக்கு வரும் வழியில் பாலம்பூரில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். தௌலாதார் மலைத் தொடரின் அடிவாரம். உயரம் சுமார் 1,300 மீட்டர். பின்னணியில் பனி மலை, முன்னால் தேயிலை. நீலகிரிக்காரர்களுக்கு ஊரைவிட்டு வந்த உணர்வே இருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து நட்ட சீன ரகத் தேயிலை இது. 1905 ஏப்ரல் 4-ல் வந்த காங்ரா பூகம்பம் தோட்டங்களையும் தொழிற்சாலைகளையும் நொறுக்கிப் போட்டது. பிழைத்த தோட்டங்களின் தேயிலைக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

நம் தேயிலைக்கும் காங்ரா தேயிலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம்முடையது மந்தமானாலும் வருஷம் முழுக்கக் கொழுந்து விடும். இது குளிர்காலத்தில் தூங்கிவிடும். அக்டோபர், நவம்பர் வாக்கில் துளிர் நின்றால் மறுபடி பங்குனியில்தான். தோட்டத்து மேஸ்திரி ஒருவர், "நாலு மாசம் கூலி இல்லை, கொழுந்து இல்லை. செடி மட்டும் ஹாய்யாகத் தூங்கும்" என்றார் கசப்பாக. இங்கே குளிர்காலம் மழைமூட்டம் இல்லாதது. பகலில் நல்ல வெயில், இரவில் கடும் குளிர். செடியின் தூக்கத்துக்கும் இலையில் சேரும் நச்சு ஆக்ஸிஜனுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று இதே ஊரில் இருக்கும் சி.எஸ்.ஐ.ஆரின் இமாலய உயிரி வளத் தொழில்நுட்ப நிறுவனத்தில் தேடிப் பார்த்தார்கள். குறைந்த நாட்கள் தூங்கும் தேயிலை ரகங்களின் இலையில் அந்த நச்சு குறைவாகவே சேர்கிறது என்று 2007-ல் எழுதினார்கள். எந்தச் செடி உள்ளே குப்பையை உடனுக்குடன் பெருக்கித் தள்ளுகிறதோ, அது சீக்கிரம் விழித்துக்கொள்கிறது.

நான் தேடிப் போன செடியின் புகழும் இதே நிறுவனத்தில்தான் ஆரம்பித்தது. பொட்டென்டில்லா ஆட்ரோஸாங்வினியா. பெயர்தான் வாயில் நுழையாதே தவிர, ஆள் எளிமையானவர். ரோதாங்கிலிருந்து மணாலி பக்கமாக இறங்கும்போது, தாபாக்கள் வரிசையாக இருக்கும் மர்ஹி என்ற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, பனி உருகிய நீர் கசியும் சரிவில் அதைப் பார்த்தேன். முழங்கால் உயரம்கூட இல்லை. ஸ்ட்ராபெர்ரி போல மும்மூன்றாகப் பிரிந்த இலை. புரட்டினால் அடிப்பக்கம் வெள்ளி ரோமம். ஒன்றிரண்டு பூக்கள் அப்போதுதான் விரிந்திருந்தன, ரத்தச் சிவப்பில். இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் இதைக் கொண்டுபோய் அழகுக்கு வளர்க்கிறார்கள். ஆடு மேய்க்க வந்திருந்த கத்தி இனப் பெரியவர் நான் மண்டியிட்டு இலையைத் தடவுவதைப் பார்த்துவிட்டு, "இதில் என்ன இருக்கிறது? ஆடுகூட இதைத் தேடி வராது" என்றார்.

அதில் இருப்பது ஒரு என்ஸைம். ஸூப்பர் ஆக்ஸைடு டிஸ்ம்யூட்டேஸ். சுருக்கமாக எஸ்.ஓ.டி. முரட்டு ஸூப்பர் ஆக்ஸைடைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்ஸைடாக்கும் முதல் காவல்காரன். இந்த என்ஸைம் இருப்பதையே 1969-ல்தான் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். செடி, மாடு, மனிதன் எல்லோரிடமும் உண்டு. மலைச் செடியிடம் இருப்பதில் என்ன விசேஷம்? உறைநிலைக்குக் கீழேயும் இது வேலை செய்கிறது, 50 டிகிரிக்கு மேலும் வேலை செய்கிறது. ஆஸ்பத்திரியில் கத்தி, கத்தரிக்கோலை 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமி நீக்குவார்களே, ஆட்டோகிளேவ் என்ற ராட்சத பிரஷர் குக்கர், அதில் வைத்து எடுத்தாலும் செத்துப்போவதில்லை. சாதாரண என்ஸைம் அதில் முட்டை வெந்தது போல ஆகிவிடும். 2002-ல் இதற்கு அமெரிக்க பேட்டன்ட் கிடைத்தது. 2012-ல் அதில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி, வெப்பம் தாங்கும் திறனை மேலும் கூட்டினார்கள் பாலம்பூர் விஞ்ஞானிகள்.

பனிப் பிரதேசத்துச் செடிக்கு எதற்கு 50 டிகிரி தாங்கும் என்ஸைம் என்று எனக்கும் சந்தேகம் வந்தது. தரையோடு தரையாகப் படுத்து, கறுத்த மண்ணை ஒட்டிய இலைமேல் கையை வைத்தபோது அது ஓரளவு புரிந்தது. காற்று உறைக்கிறது, இலையோ வெதுவெதுப்பாக இருக்கிறது. மேகம் ஒன்று கடந்தது. ஒரு நிமிஷத்தில் இலை சில்லிட்டுப் போனது. கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதக் காற்றழுத்தம்தான் இங்கே. வெயிலை வடிகட்ட ஆள் இல்லை, சூட்டைப் பிடித்து வைக்கவும் ஆள் இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். போதாததற்குப் பக்கத்தில் கிடக்கும் புதுப்பனி, விழும் வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி வீசும். டிரைவர் கறுப்புக் கண்ணாடி கொடுத்தது இதற்காகத்தான். செடிக்கு வாடகைக் கோட்டும் கிடையாது, கூலிங் கிளாஸும் கிடையாது.

எஸ்.ஓ.டி. மட்டும் இருந்தால் போதாது. அது உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் விஷம்தானே? அடுத்த காவல்காரன் அதை வாங்கித் தண்ணீராக்குகிறான். அதற்கு அவன் செலவழிக்கும் காசு வைட்டமின் சி. நாம் சளிக்கு மாத்திரையாகப் போட்டுக்கொள்ளும் அதே வைட்டமினைச் செடி தனக்காகத்தான் தயாரிக்கிறது, நமக்காக அல்ல. செலவான வைட்டமினைத் திரும்பப் புதுப்பிக்கவும் தனி ஏற்பாடு உண்டு. தண்ணீரைப் பிளந்து எடுத்த எலெக்ட்ரான், ஆக்ஸிஜனில் ஏறி, கடைசியில் மறுபடி தண்ணீராகவே முடிகிறது. ஜப்பானின் கியோட்டோவில் இதை ஆயுள் முழுக்க ஆராய்ந்த கோஸி அஸாடா இந்தச் சுற்றுக்கு 'நீர் - நீர் சுழற்சி' என்று பெயர் வைத்தார். கணக்குப் பார்த்தால் லாபம் பூஜ்யம். ஆனால் உபரிச் சக்தி கரைந்துபோகிறது, இலை பிழைக்கிறது. வெள்ளம் வந்தால் மதகைத் திறந்து தண்ணீரை வீணாக விடுகிறோமே, அது மாதிரி.

அதற்கும் முந்தைய ஒரு மதகு மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. இலையில் வயலாஸாந்தின் என்ற நிறமி உண்டு. வெளிச்சம் அளவுக்கு மீறினால் சில நிமிஷங்களில் அது ஸியாஸாந்தினாக உருமாறி, பச்சையம் பிடித்த சக்தியை வெறும் சூடாக வெளியேற்றிவிடும். மாலையில் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். மக்காச்சோளத்தின் மஞ்சள் இதுதான். நம் கண்ணின் விழித்திரை நடுவில் கூசும் வெளிச்சத்தைத் தாங்க வைத்திருப்பதும் இதையேதான். மணாலியின் தேவதாரு மாதிரி பனியிலும் பச்சையாக நிற்கும் ஊசியிலை மரங்கள் குளிர்காலம் முழுக்க இந்த மதகைத் திறந்தே வைத்திருக்கின்றன. பார்க்கப் பச்சை. உள்ளே கடை அடைப்பு.

சிவப்பு இன்னொரு தந்திரம். ரோதாங் சரிவில் பனி விளிம்பில் அப்போதுதான் தலைநீட்டிய துளிர்கள் பலவும் செம்பழுப்பாக இருந்தன. மாந்தளிர் நிறத்தில் புடவை கேட்கும் பெண்களுக்கு இது புதிதல்ல. வெளிச்சத்தைச் செலவழிக்கும் திறமை இன்னும் வராத இளம் இலைக்கு அந்தச் சிவப்பு ஒரு திரை என்பது ஒரு கட்சி. விஞ்ஞானிகளிடையே இதில் முழு உடன்பாடு இல்லை. சிக்கிமில் 4,000 மீட்டருக்கு மேல் ஆளுயரம் வளரும் ஒரு ரூபார்ப் செடி இன்னும் ஒரு படி மேலே போய், தன் பூக்களைச் சுற்றி வெளிறிய, ஒளி ஊடுருவும் இலைகளால் கண்ணாடி வீடு கட்டிக்கொள்கிறது. வெளிச்சம் உள்ளே போகும், புற ஊதாக் கதிர் வெளியே நிற்கும்.

எல்லாச் செடிகளும் ஒரே வழியில் பிழைக்கின்றன என்று நினைத்துவிடக் கூடாது. பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் லோத்தாரே கணவாயில் 1990-களில் பீட்டர் ஸ்ட்ரெப் என்ற விஞ்ஞானியும் சகாக்களும் பார்த்தது வேடிக்கையானது. ஸோல்டனெல்லா என்ற சிறு செடியின் இலையில் வைட்டமின் சி கொட்டிக் கிடந்தது. அதே மலைக்காரரான பனிமலை ரனன்குலஸிடம் இந்தத் தற்காப்புச் சரக்கு சொற்பம். ஆனாலும் அது வெயிலில் வாடவில்லை. உபரி எலெக்ட்ரான்களை நேராகத் தண்ணீராக்கிவிடும் தனி வடிகால் ஒன்றை அது வைத்திருப்பதற்கான அறிகுறிகள் பிறகு தெரியவந்தன. ஒருவர் வீட்டில் தீயணைப்பு இயந்திரம், அடுத்தவர் வீட்டில் தீயே பிடிக்காத அடுப்பு. மாமாவிடம் 'இமயமலைச் செடி இப்படித்தான் பிழைக்கிறது' என்று ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாமல் போனதற்கு இதுவும் காரணம்.

கணவாயின் மறுபக்கம் இறங்கினால் நிலமே மாறிவிடுகிறது. மரமற்ற பழுப்பு மலை, கீழே சந்திரா நதி, நதியோரத்தில் பச்சைப் பாய் விரித்த மாதிரி பட்டாணியும் உருளைக்கிழங்கும் காலிஃபிளவரும். சிஸ்ஸு தாண்டியதும் ஆற்றங்கரையில் முள் புதர். இலையின் அடிப்பக்கம் வெள்ளிச் செதில். ஆங்கிலத்தில் ஸீபக்தார்ன், லாஹௌலில் சர்மா. செப்டம்பரில் ஆரஞ்சு நிறத்தில் மணி மணியாகக் காய்க்கும். ஆரஞ்சுப் பழத்தைவிடப் பல மடங்கு வைட்டமின் சி. இப்போது ஜூஸாகவும் ஜாமாகவும் பாட்டிலில் வந்துவிட்டது. மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கும், கரை அரிக்காமல் பிடிக்கும், வேலியாகவும் நிற்கும்.

கேலாங்குக்குச் சற்று முன்னால் ஒரு கிராமத்தில் ஆப்பிள் கன்றுகளின் அடிமரத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். லாஹௌலில் ஆப்பிள் புதுசு. கீழே குலு பக்கம் குளிர் குறையக் குறைய ஆப்பிள் மேலே ஏறி வருகிறது. பூச்சிக்காகவா சுண்ணாம்பு என்று தோட்டத்துச் சொந்தக்கார அம்மாளிடம் கேட்டேன். "அதுக்கும்தான். முக்கியமா வெயிலுக்கு, பாயி சாஹிப்" என்றார். மாசி வெயிலில் மரத்தின் தெற்குப் பக்கம் சூடேறும், ராத்திரி உறையும், பட்டை வெடித்துவிடும் என்று கையால் பிளந்து காட்டினார். பட்டை வெடிப்பதும் இலை கருகுவதும் வேறு வேறு சங்கதிகள். ஆனால் குளிரும் வெயிலும் கூட்டுச் சேர்ந்தால் ஆபத்து என்பது அந்த அம்மாளுக்கும் என் மாமாவுக்கும் ஒரே மாதிரி தெரிந்திருக்கிறது, இடையில் எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் இருந்தாலும்.

பனியைப் பற்றிக் கேட்டேன். "முன்னாடி தலைக்கு மேல விழும். நிலம் அதுக்கடியில ரஜாய் போர்த்திக்கிட்டுத் தூங்கும். இப்போ சில வருஷம் ஜனவரியில மண்ணு தெரியுது. ரஜாய் இல்லாம வெயில்ல படுக்கப் போட்ட மாதிரி" என்றார். பனி கொல்லும் என்று நினைத்து வந்தவனுக்கு இது உறைத்தது. ஆழமான பனிக்கு அடியில் இருட்டு. குளிரும் ஒரு அளவோடு நின்றுவிடும். அங்கே வெளிச்சம் இல்லை, ஆகவே உபரிச் சக்தியும் இல்லை, நச்சு ஆக்ஸிஜனும் இல்லை. பனி போய், குளிரும் வெயிலும் மட்டும் மிஞ்சினால்தான் செடிக்குச் சோதனை. மர்ஹியில் நான் பார்த்த பொட்டென்டில்லா குளிர்காலத்தில் தரைக்குமேல் காய்ந்து, வேர்த்தண்டோடு பனிக்கு அடியில் ஒளிந்துகொள்கிறது. உலகத்தின் உறுதியான என்ஸைம்களில் ஒன்றை வைத்திருக்கும் செடியே, முடிந்தபோது போர்வைக்குள் போய்விடுகிறது.

அன்று இரவு கேலாங்கிலிருந்து மாமாவுக்கு போன் போட்டேன். செடியைப் பற்றிச் சொன்னேன்.

"அதைக் கொண்டாந்து நம்ம தேயிலையோட ஒட்டுப் போட முடியாதா?"

முடியாது என்றேன். அதன் மரபணுவையும், இன்னொரு இமாலயச் செடியான ரூபார்ப்பிலிருந்து எடுத்த இரண்டாம் காவல்காரன் மரபணுவையும் ஆய்வுக்கூடத்தில் உருளைக்கிழங்குக்குள் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், உப்பு மண்ணைத் தாங்கும் திறன் கூடியதாக 2017-ல் எழுதினார்கள், அது தோட்டத்துக்கு வரும் சமாசாரம் அல்ல என்று விளக்கினேன். மறுமுனையில் ஏமாற்றத்தோடு ஒரு "ம்".

பிறகு மரத்தைப் பற்றிச் சொன்னேன். சில்வர் ஓக் இரண்டு வேலை செய்கிறது. ராத்திரி நிலத்தின் சூடு வானத்துக்குப் போகாமல் கொஞ்சம் மறிக்கிறது, அதனால் அடியில் பனி குறைவு. காலையில் முதல் இரண்டு மணி நேர வெயிலை மறைத்து, இலை சூடேறி என்ஸைம்கள் விழித்துக்கொள்ள அவகாசம் தருகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு வெயில் வந்தாலும் தேயிலை சமாளித்துக்கொள்ளும். புல் போர்த்தினாலும் சூரியன் உதித்ததும் உடனே எடுக்க வேண்டாம், பனி உருகிக் குளிர் விடும்வரை இருக்கட்டும் என்றேன்.

"அத்தை அவசரப்பட்டு எடுத்துடுவா. வேலைக்கு நேரமாகுதுல்ல" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது.

"வியாபாரி கிழக்கு ஓரத்துல பதினோரு மரம் கேட்கிறான். மேற்கே நாலு மரம் இருக்கு, அதைக் கொடுத்துடறேன். கிழக்கு அப்படியே நிக்கட்டும். ஃபீஸுல மிச்சத்துக்கு வேற எங்கேயாவது கேட்கணும், மாப்பிள்ளே."